மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்

"கனெக்டிங் ராட் பேரிங் போயிடுச்சு. இன்ஜினை இறக்கித்தான் ஆகணும்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னபோது, அந்தக் காரை வாங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. பிஸ்டனையும், இன்ஜினின் அடியில் சுற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கம்பியின் பேரிங் அது. பழைய கார். 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். மீட்டரில் 1,12,000 கிலோமீட்டர். சேர்த்து வைத்த பணம் முழுவதையும் போட்டு வாங்கியது. இன்ஜினை இறக்குவதென்றால் எனக்கு அந்தக் காரே போன மாதிரிதான்.

இறக்காமலே வண்டி சரியாகிவிட்டது. அதற்கு உதவிய கருவியைப் பற்றித்தான் இந்த விமர்சனம். மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் என்று கேட்டால் கருவிக் கடைகளில் தருவார்கள். பல கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் செய்கின்றன, அதனால் பிராண்டைப் பற்றி நான் பேசவில்லை.

முதலில் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தேடி வருபவர்கள் எல்லோரும் ஒரு சத்தத்தோடுதான் வருவீர்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒன்றும் தெரியாது. பத்து நிமிடம் ஓடி இன்ஜின் சூடானதும், சிக்னலில் நிற்கும்போது ஆரம்பிக்கும். கனமான மரக்கதவை உள்ளேயிருந்து யாரோ விரல் மூட்டால் தட்டுவது போல டக் டக் டக் டக். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் தட்டலும் வேகமாகும். இன்னும் கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் மங்கிவிடும், காலை எடுத்ததும் திரும்ப வரும்.

ஒர்க்‌ஷாப்காரர் பானட்டைத் திறந்து இரண்டு நிமிடம் நின்று கேட்டார், தீர்ப்பைச் சொல்லிவிட்டார். அவரை நான் குறை சொல்லப் போவதில்லை. ராட் பேரிங் தேய்ந்தால் இதே போல அடித்தொண்டையிலிருந்து வரும் தட்டல்தான் கேட்கும், அனுபவப்பட்டவர்களே ஏமாறுவார்கள். ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. அவர் எங்கேயும் கை வைத்துப் பார்க்கவில்லை.

என் வேலை தையல் மெஷின் பழுது பார்ப்பது. இருபது வருடமாகச் செய்கிறேன். "அக்கா, ஊசிப் பக்கம் தட்டுது" என்று கொண்டுவந்து வைப்பார்கள். ஊசிப் பக்கம்தான் கேட்கும், சந்தேகமில்லை. கழற்றிப் பார்த்தால் பாபின் கேஸ் ஆடிக்கொண்டிருக்கும். இரும்பு உடம்பு சத்தத்தைக் கடத்திக்கொண்டு போய், எங்கே திறப்பு இருக்கிறதோ அங்கே வெளியே விடும். சின்னத் தையல் மெஷினிலேயே அப்படி என்றால், இவ்வளவு பெரிய இன்ஜினில் ஒரு முழம் தள்ளி நின்று கேட்டு எப்படி இடத்தைச் சொல்ல முடியும்? காது இன்ஜினைத் தொட வேண்டும் என்று தோன்றியது. அன்று மாலையே இதை வாங்கினேன்.

கருவி பார்ப்பதற்கு டாக்டர் கழுத்தில் தொங்குவது போலவே இருக்கும். நெஞ்சில் வைக்கும் வட்டத்துக்குப் பதிலாக ஒரு சின்ன உலோக டப்பா, அதற்குள் மெல்லிய தகடு. டப்பாவில் ஒரு நீளமான இரும்புக் கம்பியைத் திருகி மாட்ட வேண்டும். என்னுடையதில் கம்பி இரண்டு துண்டு, சேர்த்தால் ஒரு அடி நீளம். கம்பியின் நுனி தொடும் இடத்தின் அதிர்வு தகட்டுக்கு வந்து, ரப்பர் குழாய் வழியாகக் காதுக்கு வரும். மின்சாரம் கிடையாது, பேட்டரி கிடையாது. 1816-ல் பிரெஞ்சு மருத்துவர் லேனெக் ஒரு காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டாரே, அதே தத்துவம்தான்.

வாங்கிய முதல் நாளே சத்தத்தைத் தேடப் போகாதீர்கள். நான் போனேன், குழம்பிப் போனேன். எங்கே வைத்தாலும் பயங்கரமாகக் கேட்கிறது. ஓடுகிற இன்ஜின் உள்ளே எப்படி ஒலிக்கும் என்று அதுவரை கேட்டதே இல்லையே! நல்ல இன்ஜினே உள்ளே அடுப்பங்கரை போலத்தான் இருக்கும். அப்புறம் தம்பியின் வண்டி, எந்தப் புகாரும் இல்லாதது, அதில் அரை மணி நேரம் கேட்டுப் பழகினேன். சிலிண்டருக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் மேல் வைத்தால் கடிகாரம் போல டிக் டிக் என்று கூர்மையாகக் கேட்கும். அது நோய் இல்லை, அது வேலை செய்கிறது என்று அர்த்தம். நான்கும் ஒரே மாதிரி ஒலித்தால் நிம்மதி, ஒன்று மட்டும் பேசாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஆல்டர்னேட்டர் உடம்பில் சீரான ரீங்காரம் கேட்கும், பேரிங் போயிருந்தால் அது கரகரப்பாக மாறும். மேலே வால்வு மூடி மெல்லிய தகடு, பறை மாதிரி எல்லாவற்றையும் பெரிதாக்கும். அதில் கேட்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. போல்ட் தலை, கனமான வார்ப்பு இரும்பு, அலுமினிய உடம்பு, இவற்றில்தான் நுனியை வைக்க வேண்டும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அழுத்தத்தில். அழுத்தம் கூடினால் சத்தமும் கூடும், "இங்கேதான்" என்று மனம் துள்ளும்.

சரி, என் வண்டிக்கு வருகிறேன்.

ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும் முன்னால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. ஆயில் அளவு பார்த்தேன், இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தது. ஆயில் குறைந்தாலே இன்ஜின் தட்டும், அதனால் இதைப் பார்க்காமல் மற்றதைப் பார்ப்பது வீண். ஆயில் பிரஷர் விளக்கு ஸ்டார்ட் ஆனதும் ஒழுங்காக அணைந்தது. அடுத்து, ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரஸரையும் சுற்றும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டேன். அதற்கு மேல் விடக் கூடாது, பல வண்டிகளில் வாட்டர் பம்பும் அந்த பெல்ட்டில்தான் சுற்றும். பெல்ட் இல்லாமலும் தட்டல் அப்படியே இருந்தது. ஆக, அந்தப் பக்கம் தொங்கும் சாமான்கள் எதுவும் காரணமில்லை.

அதோடு இன்னொரு வேலையும் செய்தேன், இதற்குக் கருவிகூட வேண்டாம். போனில் பத்து விநாடி சத்தத்தைப் பதிவு செய்து, கால் பங்கு வேகத்தில் ஓட்டி எண்ணினேன். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் வேகம், அதாவது ஐடிலிங், நிமிடத்துக்கு 800 சுற்று (ஆர்பிஎம்) என்றால் கிராங்க் ஷாஃப்ட் விநாடிக்கு 13 சுற்று சுற்றுகிறது. நேரடியாகக் காதால் எண்ண முடியாது. வேகத்தைக் குறைத்தால் விநாடிக்கு மூன்று சொச்சம், பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணிவிடலாம். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும், அதனால் வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் சத்தமாக இருந்தால் எண்ணிக்கை பாதியாக வரும். எனக்கு வந்தது 130-க்குக் கொஞ்சம் மேலே. ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு. மேல் பாதியை விட்டுவிடலாம், ஆள் கீழே கிராங்கோடு சேர்ந்து சுற்றுகிறான் என்பது தெரிந்தது. ஆனால் ராட் பேரிங்கும் கீழேதானே இருக்கிறது? அதனால் பயம் குறையவில்லை.

இங்கேதான் ஸ்டெதஸ்கோப் வந்தது. வண்டியை ராம்ப் மேல் ஏற்றி, பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை பி-யில் (பார்க்கிங்) வைத்து, கீழே படுத்தேன். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள், இன்ஜின் ஓடும்போது கனவிலும் வேண்டாம். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டிதான் ஆயில் சம்ப், அதன் முன்பக்கம் பெல்ட் இருக்கும் முனையில் நுனியை வைத்தேன். தட்டல் கேட்டது, தூரத்தில் கேட்பது போல. நடுவில் வைத்தேன், கொஞ்சம் கிட்டே வந்தது. கியர்பாக்ஸ் பக்கத்து முனைக்கு வந்தபோது இன்னும் கூடியது. அப்புறம் இன்ஜினை விட்டு ஒரு விரற்கடை தாண்டி, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் இருக்கும் பெல் ஹவுசிங் உடம்பில் வைத்தேன்.

காதுக்குள் சுத்தியல் விழுந்தது போல இருந்தது. அதுவரை மூட்டமாகக் கேட்ட டக் அங்கே டங் என்று ஓரங்கள் கூர்மையாக, உலோகத்தின் பளபளப்போடு கேட்டது. சம்ப்புக்குத் திரும்பிப் போய் வைத்தேன், மங்கியது. மறுபடி ஹவுசிங்கில், டங். நாலைந்து தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். சத்தத்தின் அளவைவிட அதன் தன்மை முக்கியம் என்று அன்றுதான் புரிந்தது. மூல இடத்தில் சத்தத்துக்கு ஓரம் இருக்கும். தள்ளிப் போகப் போக அந்த ஓரம் மழுங்கும்.

ஒரு சாட்சி போதாது என்று இரண்டு சோதனை செய்தேன். இன்ஜினை அணைத்து, ஒரு இன்ஜெக்டரின் இணைப்பைக் கழற்றி, ஸ்டார்ட் செய்து கேட்பது. பிறகு அதை மாட்டிவிட்டு அடுத்தது. இப்படி நான்கும். ஒரு சிலிண்டரில் ராட் பேரிங் போயிருந்தால், அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் போகாதபோது மேலிருந்து அழுத்தம் குறைந்து தட்டல் நன்றாகத் தணியும். எனக்கு நான்கிலும் இன்ஜின் நொண்டியதே தவிர, தட்டலில் எந்த வித்தியாசமும் இல்லை. சிலர் இக்னிஷன் காயிலைக் கழற்றுவார்கள். அப்படிச் செய்தால் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தப்படுத்த இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய்ச் சேரும், அதற்கு அது கெடுதல். இன்ஜெக்டரைக் கழற்றுவதே நல்லது. இந்தச் சோதனைக்குப் பிறகு செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் பதறாதீர்கள், பதிவான பிழைக் குறியீட்டை (எரர் கோட்) அழித்தால் போய்விடும்.

இரண்டாவது, வண்டியைத் தரைக்கு இறக்கி, எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை வைத்து, தம்பியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். "டேய், பிரேக்கை முழுசா மிதிச்சுக்கோ, நான் சொல்லாம காலை எடுக்காதே" என்றேன். "சரிக்கா" என்றவன், நான் வண்டியின் முன்னால் இல்லாமல் பக்கவாட்டில் போய் நிற்கும்வரை கியரைத் தொடவில்லை. பி-யிலிருந்து டி-க்கு (டிரைவ்) மாற்றினான். தட்டல் சட்டென்று மாறியது, பாதியாக அடங்கி வேறு தாளத்துக்குப் போனது. பி-க்குக் கொண்டுவந்தால் பழையபடி. பேரிங் தேய்ந்திருந்தால் கியர் மாற்றுவதால் இப்படி அடியோடு மாறாது. கியர் போட்டதும் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே பாரம் ஏறுகிறது, ஆடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று ஒரு பக்கமாக இறுகி நிற்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் தாளைப் படித்தார், என் ஸ்டெதஸ்கோப்பை வாங்கித் தானும் கேட்டார், "பாக்ஸ் ஏற்கெனவே இறக்கின வண்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். விற்றவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஹவுசிங்கைச் சுற்றியிருந்த போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட புதுக்கீறல்களை அவர் டார்ச் அடித்துக் காட்டினார்.

கீழே ஒரு சின்ன மூடி, இரண்டு போல்ட்டில் கழன்றது. உள்ளே கிராங்கோடு சுற்றும் மெல்லிய தட்டு தெரிந்தது, ஃப்ளெக்ஸ் பிளேட் என்பார்கள். அந்தத் தட்டில்தான், இன்ஜினின் சுழற்சியை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் நான்கு போல்ட்டால் பிடித்து நிற்கிறது. கிராங்க் புல்லியில் ஸ்பேனரைப் போட்டுக் கையால் சுற்றி, ஒவ்வொரு போல்ட்டாக மூடி வழியே கொண்டுவந்தார். முதலாவது இறுக்கமாக இருந்தது. இரண்டாவது ஸ்பேனர் பட்டதும் கால் சுற்று போனது. மூன்றாவதை விரலாலேயே திருகி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதன் கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போலத் தேய்ந்து மின்னியது. தலைக்கு அடியில் குங்குமம் போலச் செம்பழுப்பு நிறத்தில் நைசான தூள். இரும்பும் இரும்பும் இடைவிடாமல் உரசினால் வரும் துரு அது. தையல் மெஷினில் தளர்ந்த திருகுக்கு அடியில் நான் நூறு தடவை பார்த்த தூள். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தட்டில் விரிசல் இருக்கிறதா என்று முழுச் சுற்றும் பார்த்தார், இல்லை. விரிசல் இருந்திருந்தால் பாக்ஸை இறக்கியிருக்க வேண்டும். நான்கு போல்ட்டும் புதிது, திருகு கழலாமல் இருக்க லாக் திரவம், கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் முறுக்கம். ஸ்டார்ட் செய்து, சூடாகும்வரை காத்திருந்தோம். தட்டல் வரவில்லை. ஆறு மாதம் ஆகிறது, இன்னும் வரவில்லை.

இனி கருவியின் குறைகள். இருக்கின்றன.

காதில் மாட்டும் முனைகள் கெட்டியான பிளாஸ்டிக். ஸ்பிரிங்கும் இறுக்கம். பத்து நிமிடத்துக்கு மேல் மாட்டியிருந்தால் காது வலிக்கும். நான் மருத்துவ ஸ்டெதஸ்கோப்புக்கு விற்கும் மென்மையான சிலிக்கான் முனைகளை வாங்கி மாற்றிக்கொண்டேன், கச்சிதமாகப் பொருந்தின. வெளிச் சத்தமும் குறைந்தது. கம்பியின் நுனி வழவழப்பாக இருப்பதால் போல்ட் தலையில் வைத்தால் நழுவுகிறது. கம்பி எதிலாவது இடித்தால் காதுக்குள் இடி இறங்கும், அதனால் முதலில் நுனியை வைத்துவிட்டு அப்புறம் காதில் மாட்டுவதே என் பழக்கமாகிவிட்டது. ரப்பர் குழாய் சட்டைக் கையில் உரசினால் அந்த உரசலும் கேட்கும். கம்பி இரண்டு துண்டாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. நடு இணைப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் அதுவே ஒரு கிணுகிணுப்பைப் போடும். ஒருநாள் அந்தக் கிணுகிணுப்பை வண்டியின் சத்தம் என்று நினைத்து ஒரு மணி நேரம் அலைந்தேன். ஒவ்வொரு முறையும் இறுக்கிப் பாருங்கள்.

பெரிய ஆபத்து வேறு. குழாய் தொங்கும், தலைமுடி தொங்கும், பக்கத்தில் பெல்ட் ஓடும். ரேடியேட்டர் விசிறி இன்ஜினை அணைத்த பிறகும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். முடியைக் கட்டி, துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டுக் குனியுங்கள். குழாயை ஒரு கையால் உடம்போடு பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் கவனம் முழுக்கக் காதில் இருக்கும் நேரம் அது, கை எங்கே போகிறது என்று தெரியாது.

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதோரம் எலும்பில் வைத்துக் கேட்டால் போதாதா என்று கேட்பார்கள். கேட்கும், நானும் செய்து பார்த்தேன். ஆனால் முகத்தை ஓடும் இன்ஜினுக்கு அவ்வளவு கிட்டே கொண்டுபோக வேண்டும், அது எனக்குப் பிடிக்கவில்லை. சம்ப்புக்கும் ஹவுசிங்குக்கும் இருந்த அந்த நுட்பமான வித்தியாசமும் அதில் எனக்குத் தெளிவாகக் கிடைக்கவில்லை.

கம்பியைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டை மாட்டினால் காற்றுக் கசிவையும் தேடலாம். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவு இருந்தால் டிக் டிக் என்று தட்டல் போலவே கேட்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதிகம், சூடாகி உலோகம் விரிந்ததும் அடங்கும். பக்கத்து வீட்டுக்காரர் டேப்பெட் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்த சத்தம் அப்படி ஒரு கசிவுதான். குழாயின் வாயை கேஸ்கெட் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனால் ஒரு இடத்தில் புஸ் புஸ் என்று தனியாகப் பிரிந்து கேட்டது. தொடாமல், சூட்டில் கை படாமல் செய்ய வேண்டிய வேலை.

ஓடும் வண்டியில் வரும் சத்தத்துக்கு இது உதவாது. இதைத் தெரியாமல் வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு. வேகத்தடையில் ஏறும்போது, சின்னச் சின்னப் பள்ளத்தில் கடகடவென்று முன்சக்கரப் பக்கம் தட்டினால் அது ஸ்டெபிலைசர் லிங்க்காகவோ, பால் ஜாயின்ட்டாகவோ, ஷாக் அப்சார்பரின் மேல் மவுன்ட்டாகவோ இருக்கும். முழுக்க ஸ்டியரிங்கை ஒடித்துத் திரும்பும்போது டக் டக் என்று வந்தால் ஆக்சிலின் வெளிப்பக்க ஜாயின்ட்டைப் பாருங்கள். நிற்கும் வண்டியில் இந்தச் சத்தங்கள் வாயே திறக்காது. இதற்கு, நாலைந்து இடத்தில் கிளிப் போட்டு மாட்டும் சின்ன மைக்குகளும் ஹெட்போனும் கொண்ட கருவி தனியாக விற்கிறது. மைக்குகளை மாட்டிவிட்டு வண்டியை ஓட்டி, ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்கலாம். ஓட்டுபவர் ஒருவர், கேட்பவர் வேறொருவர் என்று இருக்க வேண்டும். ஒரு தடவை இரவல் வாங்கிப் பயன்படுத்தினேன். தம்பி வண்டியில் இடது லிங்க் என்று எல்லோரும் சொன்னது வலது லிங்க்காக இருந்தது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று காது முனைகளுக்கும் அந்த நடு இணைப்புக்கும். ஒரே துண்டுக் கம்பி வருகிற மாடல் கிடைத்தால் அதை வாங்குங்கள். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் இதைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம், ஆனால் விற்பவரிடம் முதலிலேயே சொல்லி, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிய பிறகு கேளுங்கள். குளிர்ந்த இன்ஜினில் நான் கேட்டபோது என் வண்டியும் நன்றாகத்தான் இருந்தது.

அந்தத் தேய்ந்த போல்ட்டை மெக்கானிக் தூக்கிப் போடப் போனார், நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கடையில் பாபின் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தட்டல் என்று யாராவது வந்தால் அதை எடுத்துக் கையில் கொடுத்து, கழுத்துப் பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்கிறேன்.